நாலு புள்ளித் தழும்பு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியது இன்னும் காதிலேயே இருக்கிறது. முதல்முறையாக ஆபரேஷன் தியேட்டரில் கேமரா பிடித்திருக்கிறாய். ஒன்றரை மணி நேரத்தில் கர்ப்பப்பை வெளியே வந்துவிட்டது, ரத்தம் ஐம்பது மில்லிகூடப் போகவில்லை, வயிற்றில் நாலே நாலு புள்ளி, மறுநாள் காலையில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். மூச்சு விடாமல் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இவ்ளோ சுலபமா இருக்கே, இன்னும் எதுக்கு அத்தை வயித்தைக் கிழிக்கறாங்க?" என்று கேட்டாய். போனில் சொல்லித் தீர்கிற பதில் இல்லை அது. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ சொன்னதில் நிமிஷக் கணக்கு இருந்தது, ரத்தக் கணக்கு இருந்தது. அந்த அம்மாவின் வயது இல்லை. கர்ப்பப்பையை எதற்காக எடுத்தார்கள் என்பதும் இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை சாமி. முதல் நாள் அந்தத் திரையைப் பார்த்து நானும் அப்படித்தான் சொக்கிப் போய் நின்றேன். ஆனால் இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்தபிறகு ஒன்று தெரிகிறது. ஓட்டை சிறியதாக இருப்பதால் ஆபரேஷனும் சிறியது என்று நினைத்துவிடுகிறோம். டாக்டர் நினைக்கிறார், நோயாளி நினைக்கிறாள், அவள் வீட்டில் உள்ளவர்களும் நினைக்கிறார்கள். நான் பார்த்த கெடுதல்களில் பல அந்த நினைப்பிலிருந்து முளைத்தவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பார்த்த இந்தத் துளை வழி ஆபரேஷனுக்கு, லேப்ராஸ்கோப்பிக்கு, நான் எதிரி இல்லை. நான் மேல்படிப்பு படித்த காலத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதுதான். நாலாம் நாள்வரை இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுவார்கள். சர்க்கரையும் பருமனும் சேர்ந்தவர்களுக்குத் தையல் சீழ் பிடித்துப் பிரியும். வார்டின் கோடியில் அவர்களுக்கென்றே நாலு கட்டில் உண்டு; தினம் காலையில் அந்தப் புண்களைக் கழுவிக் கட்டுவது என் வேலை. அந்த வாடை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. ஜெர்மனியில் கீல் நகரத்தில் கர்ட் செம் என்ற பெண்கள் நல மருத்துவர் 1980-ல் லேப்ராஸ்கோப்பியில் குடல்வாலை எடுத்தபோது, அந்த நாட்டு அறுவை மருத்துவர்களே அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார்கள். 1988-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாரி ரைக் முழுக் கர்ப்பப்பையையும் முதன்முதலாக இந்த வழியில் எடுத்தார். இப்படிப்பட்டவர்களின் பிடிவாதத்தால்தான் அந்தக் கோடிக் கட்டில்கள் காலியாயின. அதை மறக்கக் கூடாது.

இனி, நீ சொன்ன "சுலபம்" என்ற சொல். 2004-ல் பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நாம் சொல்வதெல்லாம் அதில் உறுதியானது. ஆனால் பெரிய சிக்கல்கள், வயிற்றைத் திறந்தவர்களில் நூற்றுக்கு 6.2, லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 11.1. பாதியில் முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்ததையும் சிக்கல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள், அது நியாயமா என்று வாதம் உண்டு. கைகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று தேறியும் இருக்கின்றன. இருந்தும் 2015-ல் காக்ரேன் குழு நாற்பத்தேழு ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு குறை மட்டும் போகவில்லை. வயிற்றைத் திறப்பதைவிட லேப்ராஸ்கோப்பியில் சிறுநீர்ப்பையிலும் சிறுநீர்க்குழாயிலும் காயம் படுவது அதிகம்.

அந்தச் சிறுநீர்க்குழாயை நீ பார்த்தாயா? அடுத்த முறை இடுப்பெலும்பு விளிம்பில், பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில், கேமராவைக் கொஞ்சம் நிறுத்து. கண்ணாடி மாதிரியான சவ்வுக்கு அடியில் வெளுத்த கயிறு போல ஒன்று கிடக்கும். கருவியின் நுனியால் மெல்லத் தொட்டால் மண்புழு மாதிரி ஒருமுறை நெளிந்து அடங்கும். பக்கத்திலேயே ரத்தக்குழாய் இருக்கும், அது துடிக்கும், நெளிவதுதான் யூரிட்டர். அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டே கீழே வா. கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடியில் நுழைந்து மறையும். நாம் சூடு வைத்து அடைத்து வெட்டுகிற ரத்தக்குழாயும் அதேதான். அந்தச் சூடு கருவியின் நுனியோடு நிற்பதில்லை, சில மில்லிமீட்டர் பரவும். திரையில் அது தெரியாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் லேப்ராஸ்கோப்பி பழகி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. நாற்பத்துநாலு வயதுப் பெண், முன்னால் இரண்டு சிசேரியன். நேரம் கூடவில்லை, ரத்தம் போகவில்லை. மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஓபி முடிகிற நேரத்தில் வந்து நின்றாள். சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது, தெரியாமலிருக்க மேலே ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். "ஒண்ணுக்குப் போறது எனக்கே தெரியாமப் போகுதுங்க டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சூடு பட்ட இடம் அன்றைக்கே ஓட்டையாவதில்லை. வெந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து உதிர்கிறது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்தது. யூராலஜி டாக்டர் அந்தக் குழாயைச் சிறுநீர்ப்பையில் மறுபடி பொருத்தினார். அதற்கு வயிற்றைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. நாலு புள்ளிக்கு நடுவே ஒரு நீளத் தழும்பு.

அவள் தேறிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன நடந்தது என்று நான் ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் இப்படியும் ஆகலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் அச்சாகியிருந்தது, அதன் கீழே அவள் கையெழுத்தும் இருந்தது. அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை.

அதன்பிறகு கஷ்டமான ஆபரேஷன் எதுவானாலும் முடிவில் சிறுநீர்ப்பைக்குள் சிஸ்டோஸ்கோப் விட்டு, இரண்டு பக்கமும் சிறுநீர் பீய்ச்சி வருகிறதா என்று பார்க்காமல் நான் கையுறையைக் கழற்றியதில்லை. ஐந்து நிமிஷ வேலை. சூட்டுக் காயம் அதிலும் தப்பிவிடலாம். ஆனாலும் கட்டுப்பட்ட குழாயும் வெட்டுப்பட்ட குழாயும் அங்கேயே பிடிபட்டுவிடும். சிசேரியன் என்று எழுதியிருப்பதை நீயும் வெறுமனே வாசித்துக்கொண்டு போகாதே. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். இந்தப் பெண்களுக்கெல்லாம் நாற்பது நாற்பத்தைந்து வயதாகும்போது நீ பெரிய டாக்டராக இருப்பாய். உன் மேஜைமேல் வந்து படுப்பவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பை பழைய தழும்போடு ஒட்டிக்கிடக்கும். எளிதான ஆபரேஷன் என்று நீ இன்று பார்த்தது உன் காலத்தில் அவ்வளவு எளிதாக இருக்காது.

ரவுண்ட்ஸ் போகும்போது ஒன்றை மனதில் வை. லேப்ராஸ்கோப்பி செய்தவள் நேற்றைக்கு இன்று தேவலை, இன்றைக்கு நாளை தேவலை என்றுதான் போக வேண்டும். முதல் நாள் தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் வருவது, பயமில்லை. ஆனால் இரண்டாம் நாள் நன்றாக இருந்தவள் மூன்றாம் நாள் வயிறு வலிக்கிறது, குமட்டுகிறது, படபடக்கிறது என்றால் "கேஸ்தான், சரியாகிடும்" என்று தாண்டிப் போகாதே. குடலில் ஊசி முனையளவு காயம்பட்டிருந்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த வகைப் பெரிய காயங்களில் கணிசமானவை முதல் ஊசியும் துளையிடும் முதல் ட்ரோக்காரும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிற அந்தச் சில விநாடிகளில் நேர்பவை.

வீட்டுக்குப் போனபிறகு நடப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. முன்பெல்லாம் தொப்புளிலிருந்து கீழ்வரை தையல் இருக்கும். பார்த்தவுடனே மாமியார் பயந்துபோய், "மூணு மாசம் குனியாதே, குடம் தூக்காதே" என்பார். பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தையல் அவளுக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தது. இப்போது நாலு புள்ளி. பார்த்தால் கொசு கடித்த மாதிரி இருக்கிறது. ஆறாம் நாள் தண்ணீர் லாரி வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு அவள்தான் ஓடுகிறாள். பத்தாம் நாள் ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள். உள்ளே பிறப்புவழியின் உச்சியில் போட்ட தையல் வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. சூடு வைத்து வெட்டிய விளிம்பு ஆற நாளாகும். அந்தத் தையல் பிரிந்து குடல் இறங்குவது மிக அபூர்வம் என்றாலும், மற்ற வழிகளைவிட லேப்ராஸ்கோப்பியில்தான் அது அதிகம் பதிவாகியிருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது. டிஸ்சார்ஜ் அன்று இதை அவளிடம் மட்டும் சொன்னால் பிரயோஜனமில்லை. புருஷனையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உள்ளே இருக்கிற தையலைத் தாளில் படம் போட்டுக் காட்டு. நான் அப்படித்தான் செய்வேன். படத்தைப் பார்த்தபிறகு அந்த மாமியார்களின் முகம் மாறுவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

"எதுக்கு வயித்தைக் கிழிக்கறாங்க" என்று கேட்டாயே, அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது: எதற்கு நாலு ஓட்டைகூட? கீழ்வழியாகவே எடுத்துவிடலாமே. 1813-லேயே ஜெர்மனியில் லாங்கன்பெக் பிறப்புவழியாகக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார். மும்பையில் டாக்டர் ஷிரிஷ் சேத், அடியிறக்கம் இல்லாத கர்ப்பப்பையைக்கூட அந்த வழியில் எடுக்க முடியும் என்று தன் வாழ்நாள் முழுக்கச் செய்தும் சொல்லியும் காட்டினார். காக்ரேன் ஆய்வும், இயலுகிறபோது கீழ்வழியே முதல் தேர்வு என்றுதான் முடிக்கிறது. வயிற்றில் ஒரு புள்ளி கூட இல்லை, வாயு இல்லை, விலை உயர்ந்த கருவி இல்லை, முதுகில் ஊசி போட்டே செய்துவிடலாம். ஆனால் திரையில்லாததால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, கற்றுக்கொடுப்பது சிரமம். அதனாலேயே உன் வயதுக்காரர்கள் கையிலிருந்து அந்த வித்தை நழுவிக்கொண்டிருக்கிறது. உன் துறையில் அதை நன்றாகச் செய்கிற மூத்த டாக்டர் ஒருவராவது இருப்பார். அவர் ஓய்வு பெறுவதற்குள் அவர் பின்னாலேயே நின்று கற்றுக்கொள். ரோபோ வைத்துச் செய்யும் ஆபரேஷன் பற்றிக் கேட்காதே. 2013-ல் அமெரிக்காவில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கைப் பார்த்ததில் சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பிக்கு ஏறக்குறைய சமம், செலவு மட்டும் இரண்டாயிரம் டாலருக்குமேல் கூடுதல். இப்போதைக்கு உனக்கு அது போதும்.

புற்றுநோய் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசி. கர்ப்பப்பையின் உள்சுவரில் வருகிற ஆரம்பப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி நன்றாகவே ஒத்துவருகிறது. இரண்டு பெரிய ஆய்வுகளில் உயிர்பிழைப்பில் வித்தியாசமில்லை. அதைப் பார்த்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அப்படியே இருக்கும் என்று உலகம் முழுக்க நம்பினோம். நானும் நம்பினேன். 2018-ல் பெட்ரோ ராமிரெஸ் தலைமையில் 631 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வயிற்றைத் திறந்த பக்கம் நூற்றுக்கு 96.5, துளை வழிப் பக்கம் 86. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கட்டியைக் கையாளும் கருவியாலா, வாயுவாலா, வெட்டும்போது புற்று வயிற்றுக்குள் படுவதாலா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான் கண்ணு. அந்த நோய்க்கு நாங்கள் மறுபடி வயிற்றைத் திறக்கிறோம், அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று, சிறிய ஓட்டை வழியாகப் பெரிய கர்ப்பப்பை எப்படி வெளியே வரும்? மார்சலேட்டர் என்ற சுழலும் கத்தியால் உள்ளேயே துருவி எடுப்பார்கள். 2013-ல் அமெரிக்காவில் ஆறு பிள்ளைகளின் தாயான ஏமி ரீட் என்ற மயக்க மருந்து டாக்டருக்கு நார்க்கட்டிக்காக இப்படிச் செய்தார்கள். கட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் சார்க்கோமா புற்று இருந்தது. துருவியதில் வயிறெல்லாம் சிதறியது. அவரும் கணவரும் மற்ற பெண்களுக்காகப் போராடினார்கள். 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. நார்க்கட்டிக்காக ஆபரேஷன் செய்யப்படும் 350 பேரில் ஒருவருக்கு இப்படி ஒளிந்த புற்று இருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. ஏமி ரீட் 2017-ல் இறந்தார். கட்டியைத் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டுமென்றால் பைக்குள் போட்டு எடு. பை இல்லாத ஆஸ்பத்திரியில் "இன்னிக்கு ஒருநாள்தானே" என்று யாராவது சொன்னால், ஐந்து சென்டிமீட்டர் கீறல் போட்டு முழுதாக எடுப்பது அவளுக்கு நல்லது என்று தைரியமாகச் சொல்.

எனக்கு இதையெல்லாம்விட மனசைப் பிசைவது, எடுக்க வேண்டியதே இல்லாத கர்ப்பப்பைகள். 2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களை அரசு கணக்கெடுத்தது. 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டியிருந்தது. வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போனால் "எடுத்துவிடு, இல்லையென்றால் புற்றாகிவிடும்" என்று பயமுறுத்த ஆட்கள் இருந்தார்கள். ஆந்திராவில் 2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. நாட்டு சராசரி மூன்றுதான். 2023-ல் உச்ச நீதிமன்றம், தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்தில் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அங்கே வயிற்றைத் திறந்தார்களா, ஓட்டை போட்டார்களா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஆபரேஷன் சுலபமாக ஆக, "எடுத்துடலாங்க" என்ற சொல்லும் நம் வாயில் சுலபமாக வந்துவிடுகிறது. அதை என்னிடமே நான் பார்த்திருக்கிறேன்.

முப்பத்தெட்டு வயதில் பெரும்பாட்டோடு, ஹீமோகுளோபின் 6 என்று ஒருத்தி வந்து நிற்பாள். களைத்துப்போய், "எடுத்துடுங்க டாக்டர், இந்தத் தொல்லையே வேண்டாம்" என்பாள். முதலில் ரத்தத்தை ஏற்று. தைராய்டு பார். உள்சுவரிலிருந்து துளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பு. டிரனெக்ஸாமிக் மாத்திரை கொடுத்துப் பார். மிரீனா போன்ற ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துப் பார். அதனால் எத்தனையோ பெண்கள் மேஜைக்கே வராமல் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். அப்படியும் தீராவிட்டால், அவளும் யோசித்துக் கேட்டால், தயங்காமல் எடுத்துக் கொடு. அதுவும் அவள் உரிமை. ஆனால் சினைப்பைகளை, காரணம் இல்லாமல், "எதுக்கு இருக்கணும், கூடவே எடுத்துடலாம்" என்று தொடாதே. திரையில் அவை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், இரண்டு நிமிஷம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவள் எலும்பும் இதயமும் இருபது வருஷம் விலை கொடுக்கும்.

கேமரா பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தானே இப்போது செய்கிறாய். லென்ஸை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்துவிட்டு உள்ளே விடு, பனி படியாது. ஆபரேஷன் செய்பவரின் கத்தி எங்கே போகிறதோ அங்கேயே உன் கண்ணும் போகட்டும். கை வலித்தாலும் படத்தைச் சாய விடாதே. யூரிட்டர் தெரிகிற இடத்தில் அவர் நிற்காமல் போனால், "சார், யூரிட்டர் ஒருதரம் பார்த்துக்கலாமா" என்று கேள். நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார்.

நாளை வார்டுக்குப் போனதும் அந்த அம்மாவின் கேஸ் ஷீட்டை எடுத்து வயதையும் காரணத்தையும் படி. பயாப்ஸி ரிப்போர்ட் ஒரு வாரத்தில் வரும், நீயே போய் வாங்கிப் பார். அவர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு பத்தாம் நாள் கூப்பிட்டு, வயிறு எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, சேலை நனைகிறதா என்று கேள். தண்ணீர்க் குடம் யார் தூக்குகிறார்கள் என்றும் கேள். கேட்டுவிட்டு அன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் விழித்திருப்பேன்.

உன் அத்தை